தலையசைவில் இயங்கும் கணினி

கேள்வி: என் தம்பிக்கு வயது 19. மூளை முடக்குவாதத்தால் கைகள் அவன் சொன்னபடி கேட்பதில்லை, பேச்சும் வராது. தலையை மட்டும் ஓரளவு தன் விருப்பப்படி திருப்புவான். கேமராவின் உதவியால் அவன் கணினியை இயக்க முடியும் என்கிறார்கள். உண்மையா? அதற்கு விலை உயர்ந்த கருவி வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: உண்மைதான், சகோதரி. எதையும் வாங்கும் முன், உங்கள் வீட்டு மடிக்கணினியில் இருக்கும் கேமராவே போதுமா என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் உருவான 'கேமரா மவுஸ்' என்ற மென்பொருள், தம்பியைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. மார்கிரிட் பெட்கே, ஜேம்ஸ் கிப்ஸ், பீட்டர் ஃபிளெமிங் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கடுமையான மூளை முடக்குவாதமோ மூளைக் காயமோ உள்ள 12 பேர் அதை முயன்றதில் 9 பேருக்குக் கைகூடியது. விண்டோஸ் கணினிகளுக்கு 2007 முதல் இலவசமாகவே வழங்கப்பட்டு வந்திருக்கிறது.

திரையில் தெரியும் முகத்தில் மூக்கு நுனியையோ புருவங்களின் நடுவையோ நீங்கள் ஒருமுறை கிளிக் செய்து காட்டிவிட்டால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள சிறு சதுரம் கேமராவின் அடுத்தடுத்த படங்களில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று மென்பொருள் தேடிக்கொண்டே இருக்கும். தலை திரும்பும் பக்கம் அம்புக்குறியும் போகும். அது ஓரிடத்தில் குறித்த நேரம் நின்றால் அதுவே கிளிக்.

அந்த நேரத்தைச் சரியாக அமைப்பதுதான் கடினம். அரை நொடி என்று வைத்தால், தம்பி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேண்டாதவை திறந்துகொள்ளும். மூன்று நொடி என்றால், திரைவிசைப்பலகையில் 'அம்மா' என்று எழுதி முடிப்பதற்குள் கழுத்து சோர்ந்துவிடும். ஒரு நொடியில் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். தலை வெடுக்கென்று இழுக்கும்போது குறி மூக்கிலிருந்து கன்னத்துக்கு நழுவிவிடும் என்பதால், திரும்பக் குறியிட ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் முகம் இருண்டுவிடும். இடுப்பும் முதுகும் நிலையாகச் சாய்ந்திருக்கும்படி இருக்கையை எப்படி அமைப்பது என்று இயன்முறை மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உடல் சரிந்தால் தலையும் அவர் வசத்தில் இருக்காது.

அகச்சிவப்பு ஒளியால் கருவிழியைப் பின்தொடரும் விலை உயர்ந்த கருவிகள், தலையையும் அசைக்க இயலாதவர்களுக்கே பெரிதும் தேவைப்படுகின்றன. உங்களுக்கு அந்தச் செலவு இப்போது வேண்டாம்.

முதல் வாரம் எழுத்துப் பயிற்சியே வேண்டாம். திரையில் பெரிதாக இரண்டே படங்களை வைத்து, எந்தப் பாட்டு வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அம்புக்குறி தவறிப் போனால் பதறி மவுஸைப் பிடித்துவிடாதீர்கள். அவரே அதைத் திருப்பிக் கொண்டுவரும் வரை காத்திருங்கள்.