வாசகர் கேள்வி – பதில்: விளக்கு எரிகிறது, சாலை தெரிகிறதா?

கேள்வி: எங்கள் சாலையில் பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வெளிச்சம் கூடிவிட்டதாக எல்லோரும் மகிழ்கிறார்கள். ஆனால் இரவில் கார் ஓட்டும் எனக்கோ முன்பைவிடச் சிரமமாக இருக்கிறது. எனக்கு வயது 61. குறை என் கண்ணிலா, விளக்கிலா?

பதில்: இரண்டிலும் இருக்கக்கூடும், முதலில் விளக்கை விசாரிப்போம். வெளிச்சம் கூடிவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நடைபாதையில் நின்று, தரையில் விழும் ஒளியைப் பார்த்துச் சொல்கிறார்கள். லக்ஸ் என்னும் அளவும் அந்தக் கணக்குத்தான். ஒரு பரப்பின்மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அது சொல்லும். ஓட்டுநரின் கண்ணுக்கு வந்து சேர்வதோ, சாலையில் பட்டு அவர் பக்கமாகத் திரும்பும் ஒளி. இதை ஒளிர்வு என்பார்கள்; சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளப்பார்கள். வெளிறிய கான்கிரீட் சாலையில் 15 லக்ஸ் ஒளி விழுந்தால் ஏறக்குறைய 1.5 கேண்டெலா ஒளிர்வு கிடைக்கும். அதே ஒளி தார்ச்சாலையில் விழுந்தால் 1 கேண்டெலாவைச் சற்றே தாண்டும். இதனால்தான் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2010-இல் வெளியிட்ட 115-ஆம் எண் வழிகாட்டி, வாகனச் சாலைகளை லக்ஸை வைத்துப் பிரிக்காமல் ஒளிர்வை வைத்து ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புக்குச் சராசரி 2 கேண்டெலாவும் ஆறாவது வகுப்புக்கு 0.3 கேண்டெலாவும் தேவை.

உங்கள் சிரமத்துக்குச் சராசரியைவிடக் கண்கூச்சமே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எல்.இ.டி. விளக்கில் ஒளி சிறு சிறு புள்ளிகளிலிருந்து செறிவாகக் கிளம்புகிறது. விளக்கின் முகம் கீழ்நோக்கி மட்டமாக இல்லாமல் சற்றே தூக்கியிருந்தாலும் அந்தப் புள்ளிகள் நேரே கண்ணில் பாயும். பாய்ந்த ஒளி கண்ணுக்குள் சிதறி, மெல்லிய திரை போட்டாற்போல் எதிரே உள்ள காட்சியை வெளுக்கச் செய்யும். இந்தத் திரையை ஊடுருவி ஒரு பொருளைக் காண, அதற்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு எத்தனை விழுக்காடு கூட வேண்டும் என்பதுதான் கூச்சத்தின் அளவுகோல். உயர்வகுப்புச் சாலைகளில் அது 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வயது இதைப் பெருக்கிவிடும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு வந்து சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வந்த ஒளியும் கண்ணின் வில்லையில் கூடுதலாகச் சிதறுகிறது.

ஓர் எளிய சோதனை உண்டு. வேறொருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்து இருக்கையில் அமருங்கள். எதிரே வரிசையாகத் தெரியும் தெருவிளக்குகளை மட்டும் உள்ளங்கையால் மறைத்து, சாலையைப் பாருங்கள். மறைத்தவுடன் தொலைவில் உள்ள வேகத்தடையின் விளிம்போ பள்ளமோ பளிச்சென்று தெரிந்தால், குற்றவாளி கண்கூச்சம்தான். கையை எடுத்தாலும் மறைத்தாலும் ஒன்றுபோலவே இருந்தால் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த வயதில் கண்புரை புதிதல்ல.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் தெருவிளக்குகளை நாங்களே மதிப்பிட்டு மனு கொடுக்க விரும்புகிறோம். செல்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. அது போதுமா? புகைப்படங்களையும் இணைக்கலாமா?

பதில்: செயலியை நம்பி எண்களை எழுதினால், உங்கள் மனுவைப் படிக்கும் பொறியாளர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார். செல்பேசியின் ஒளி உணரி திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வைக்கப்பட்டது. சாய்வாக வரும் ஒளியை அது சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. புகைப்படமும் அப்படியே: இருண்ட தெருவைக் கேமரா தானாகவே வெளுப்பாக்கிக் காட்டிவிடும். அளவுத்திருத்தம் செய்த லக்ஸ் மீட்டரை வாடகைக்கு எடுங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, சாலையின் நீளவாக்கில் சம இடைவெளியில் பத்துப் புள்ளிகள், ஒவ்வொரு தடத்திலும் குறுக்கே மூன்று புள்ளிகள் என்று கட்டம் போட்டு அளந்தால் எவரும் மறுக்க முடியாது. போக்குவரத்தை நிறுத்தாமல் மட்டும் சாலையில் இறங்காதீர்கள்.

சராசரியைக் கணக்கிட்டதோடு நின்றுவிடாதீர்கள். கம்பத்தடியில் 40 லக்ஸும் நடுவில் 2 லக்ஸும் உள்ள சாலை, காகிதத்தில் கௌரவமான சராசரியைக் காட்டும். ஓட்டுபவருக்கோ அது வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் வரிக்குதிரை. மிகக் குறைந்த ஒளிர்வைச் சராசரியால் வகுத்தால் வருவது சீர்மை. முக்கியச் சாலைகளில் இது 0.4-க்குக் குறையக் கூடாது. ஒரே தடத்தின் நெடுகிலும் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் உள்ள விகிதம் 0.6 அல்லது 0.7 இருக்க வேண்டும் என்பது தனிக் கணக்கு. இவை ஒளிர்வுக்கான அளவுகள் என்றாலும், லக்ஸிலேயே இருட்டுத் திட்டு வெளிப்பட்டுவிடும். அத்தகைய இடத்தில் அண்ணாந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு மரக்கிளை விளக்கின் முகத்தை மூடியிருக்கும், அல்லது கண்ணாடி மூடியில் தூசியும் பூச்சியும் அடைந்திருக்கும். இதற்குப் புது விளக்கு வேண்டாம். ஓர் அரிவாளும் ஈரத் துணியும் போதும்.

இயன்றால் மழை நின்ற இரவிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நனைந்த தார் கண்ணாடிபோல் ஆகிவிடுவதால், விளக்குகளின் பிம்பம் நீண்ட பட்டைகளாகத் தெரியும். இடைப்பட்ட பகுதியும் தடக்கோடுகளும் கறுத்து மறைந்துவிடும். காய்ந்த சாலையில் எடுத்த எந்த எண்ணும் இதைச் சொல்லாது.

கேள்வி: பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக்கோடுகளுக்கு நேர் மேலேயே பெரிய விளக்கு இருக்கிறது. அப்படியும் கடப்பவர்கள் கடைசி நொடியில்தான் கண்ணில் படுகிறார்கள். ஏன்?

பதில்: விளக்கு கோடுகளுக்குத்தான் வெளிச்சம் தருகிறது, கடப்பவருக்கு அல்ல. நேர் மேலிருந்து விழும் ஒளி தலையிலும் தோளிலும் தங்கிவிடும். ஓட்டுநர் பார்ப்பதோ உடலின் நிமிர்ந்த பக்கத்தை. விளக்கிட்ட சாலையில் தொலைவில் உள்ள மனிதர் பெரும்பாலும் ஒளிர்ந்த சாலைக்கு எதிரே கரிய நிழலுருவாகத்தான் தெரிவார். நம் வண்டி நெருங்கும்போது முகப்பு விளக்கு அவர்மீது பட்டு அந்தக் கருமையைக் குறைக்கும். ஒரு கட்டத்தில் உருவமும் பின்னணியும் ஒரே சாம்பல் நிறமாகி, அவர் கண்முன்னேயே காணாமல் போவார். மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. ஒன்றரை நொடி தயங்கினால் பிரேக்கில் கால் வைக்குமுன்பே 25 மீட்டர் போய்விடும்.

வண்டி வரும் பக்கமாக, கோடுகளுக்குச் சற்று முன்னதாகவே விளக்கை அமைத்தால் ஒளி கடப்பவரின் உடல்மீது விழும். சந்திப்புகளில் அல்லாமல், இரு சந்திப்புகளுக்கு இடையே உள்ள கடவைகளில் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பரப்பில் 20 லக்ஸ் வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகத்தின் 2008-ஆம் ஆண்டு அறிக்கை பரிந்துரைத்தது. லக்ஸ் மீட்டரைத் தரையில் வைக்காமல், மார்பு உயரத்தில் வண்டி வரும் திசையை நோக்கிப் பிடித்து அளந்து பாருங்கள். கிடைக்கும் எண் உங்களைத் திடுக்கிட வைக்கும்.

கேள்வி: மின்செலவைக் குறைக்க நள்ளிரவுக்குப் பின் தெருவிளக்குகளை மங்கலாக்குவது விபத்தைக் கூட்டாதா?

பதில்: கூட்டியே தீரும் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளின் 2000 முதல் 2013 வரையிலான விவரங்களை ஆராய்ந்தவர்கள், விளக்கை மங்கலாக்கியதாலோ பகுதி இரவில் அணைத்ததாலோ விபத்து கூடியதற்குச் சான்று காணவில்லை. அதற்காக அதை எல்லா ஊர்ச் சாலைக்கும் அப்படியே பொருத்திவிடவும் கூடாது. ஆள் நடமாட்டமும் வாகன வேகமும் இடத்துக்கு இடம் மாறும். செய்வதானால் எல்லா விளக்குகளையும் ஒரே அளவில் மங்கலாக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாக அணைத்தாலும் அதே மின்சாரம் மிச்சமாகும். ஆனால் மேலே சொன்ன வரிக்குதிரை மறுபடியும் சாலைக்கு வந்துவிடும்.