பத்துக்கு இழுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

வளிமண்டல வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் ஆண்டு. தரைமட்ட ஓசோன் நூற்றைம்பது ஆண்டுகளில் எப்படிக் கூடியது என்று கணினி மாதிரியில் ஓட்டிப் பார்க்கிறேன். 1880களுக்கு என் மாதிரி தரும் அளவு, அன்று பாரிஸில் அளந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. மின்னலில் உண்டாகும், ஓசோன் உருவாகக் காரணமான நைட்ரஜன் ஆக்சைடை மாதிரியில் குறைத்தால் நெருங்கிவிடும். குறைத்துவிடலாமா? மாதிரி என்பதே வெறும் ஊகம்தானா? இதற்கும் ஓசோன் ஓட்டைக்கும் தொடர்பு உண்டா என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

ஒரே வாயுதான், உயரே இருந்தால் காக்கும், மூக்குக்கு வந்தால் நுரையீரலை அரிக்கும் என்று வீட்டில் சொல்லுங்கள், போதும். மாதிரி வெறும் ஊகமா என்பது மூன்றாம் ஆண்டு மாணவி கேட்கும் கேள்வியா? அதை விடுகிறேன்.

அந்தப் பாரிஸ் அளவுகள் சில மாதங்களாகவே என் மனதில் இருக்கின்றன. நகரின் தெற்கே மோன்சூரி பூங்கா. அங்கிருந்த ஆய்வகத்தில் 1876 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தினமும் காற்றை ஆர்சனைட் என்ற ஆர்சனிக் உப்பின் கரைசல் வழியே இழுத்து, ஓசோன் எவ்வளவு ஆர்சனைட்டைத் தின்றது என்று அயோடினைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து (டைட்ரேட் செய்து) அளந்து எழுதிவைத்தார்கள். எவ்வளவு பொறுமை! 1988இல் ஃபோல்ஸ், க்லே என்ற இருவர் அதே கருவியைத் திரும்பச் செய்து சோதித்தார்கள். நகரத்து நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு, ஓசோன் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதற்கும் திருத்தம் போட்டார்கள். வந்த விடை, நூறு கோடிக்குச் சுமார் பத்துப் பங்கு. இன்றைய ஐரோப்பாவில் முப்பது, நாற்பது. ஓசோன் மூன்று நான்கு மடங்கு கூடிவிட்டது என்று பலரும் நம்பினார்கள். மாதிரிகளோ அந்தப் பத்துக்கு இறங்கவே மறுத்தன.

பள்ளி வேதியியல் செய்முறைத் தேர்வு நினைவுக்கு வருகிறது. பியூரெட்டைத் திறக்கும் முன்பே பக்கத்து மேசையின் அளவு வகுப்பு முழுக்கப் பரவிவிடும். தன் குடுவையில் 19.4 வந்தவன் 20.2 என்று எழுதுவான், மதிப்பெண்ணும் வாங்குவான். அவன் கரைசல் என்ன சொல்ல வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நீங்கள் மின்னலைக் குறைப்பதும் அதேதான். கோபமாகத்தான் சொல்கிறேன். வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் குறைத்துப் பார்த்தால் அது சோதனை. அப்படிச் செய்தவர்கள் உண்டு. விடை பொருந்த வேண்டும் என்பதற்காகச் சத்தமில்லாமல் குறைத்தால் அது பொய்க்கணக்கு.

2019இல் என்ன நடந்தது தெரியுமா? தெரிந்திருக்க வேண்டும்! கிரீன்லாந்து, அண்டார்டிகா பனியில் சிக்கிய பழைய காற்றை எடுத்தார்கள். ஆக்சிஜன் மூலக்கூறுகளில் கனமான அணு இரண்டு இணைந்தவை மிகச் சில. ஓசோனின் ஒளிவேதியியல் அந்த ஜோடிகளைக் கலைத்துப் போடும். ஓசோன் பல மடங்கு கூடியிருந்தால் அந்த ஜோடிக் கணக்கில் தெரிந்தே தீரும். தெரிந்ததோ, 1850க்கும் 2005க்கும் இடையே உலக அளவில் உயர்வு 40 சதவீதத்துக்கும் குறைவு என்பதுதான். பிடிவாதமாக நின்ற மாதிரிகள் சொன்னதும் ஏறத்தாழ அதுவே.

இதை வைத்து மோன்சூரிக்காரர்களைக் குறை சொல்லிவிடாதீர்கள், எனக்கு மனசு பொறுக்காது. அவர்கள் ஒரு பூங்காவின் காற்றை அளந்தார்கள். அதை உலகத்தின் காற்றாக எடுத்துக்கொண்டவர்கள் பின்னால் வந்தவர்கள். புகையின் விளிம்பில் இருந்த அந்த ஓரிடத்தை உங்கள் மாதிரி ஒரே சராசரியாகக் கணக்கிடும் நூறு கிலோமீட்டர் கட்டத்தோடு ஒப்பிடுவது எந்த அளவுக்குச் சரி என்று முதலில் பாருங்கள்.

அந்த இடைவெளியை அப்படியே ஆய்வேட்டில் வையுங்கள். மின்னலைத் தொட்டால், எவ்வளவு தொட்டீர்கள், ஏன் தொட்டீர்கள் என்று அட்டவணை போடுங்கள். நெறியாளர் முகம் சுளித்தால் பனிக்கட்டிக் கட்டுரையை அவர் மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். அத்தியாயம் முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள், படிக்கிறேன்.