அலுவலக சாட்டில் பாட் மூலம் ஊழியர்களுக்குத் தானாக நினைவூட்டல் அனுப்பினால் வேலை நடக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் 400 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறார். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. டைம்ஷீட், வரிச் சேமிப்பு ஆதாரம், கட்டாயப் பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் மெயில் போட்டு ஓய்ந்துவிட்டோம், பாட் (தானாகச் செய்தி அனுப்பும் மென்பொருள்) வைத்தால் மட்டும் மக்கள் கண்டுகொள்வார்களா, அதற்கு ஏஐ வேண்டுமா என்பது அவர் கேள்வி.

கண்டுகொள்வார்கள். ஆனால் செய்தி, வேலையை முடிக்காதவருக்கு மட்டும் போக வேண்டும். அதைப் படித்த இடத்திலேயே அவர் பதில் சொல்லி முடிக்க வழி இருக்க வேண்டும். முடித்ததும் பாட் அவரை விட்டுவிட வேண்டும். இது அமையாவிட்டால் மெயிலில் இருந்த தொல்லை சாட்டுக்குக் குடிவரும், அவ்வளவுதான்.

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் உள்ளக ஐ.டி. குழுவில் இருக்கிறேன். சம்பளப் பிரிவு, எச்.ஆர்., அட்மின் ஆகியோருக்கு இப்படித் தானாக ஓடும் வேலைத்தொடர்களை, அதாவது ஃப்ளோக்களை, அமைத்துத் தருவது என் அன்றாட வேலை. எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட, ஜனவரி மாதம் சம்பளப் பிரிவில் நடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு விவரமாகச் சொல்கிறேன். இந்தியாவில் மாதச் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

நிதியாண்டுத் தொடக்கத்தில் எல்ஐசி இவ்வளவு, பிபிஎஃப் இவ்வளவு, வீட்டு வாடகை இவ்வளவு என்று டிக்ளரேஷன் கொடுத்திருப்போம். அதை நம்பி நிறுவனம் மாதாமாதம் டிடிஎஸ் குறைவாகப் பிடித்திருக்கும். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் அதற்கெல்லாம் ஆதாரம் கேட்பார்கள். தராவிட்டால் பத்து மாதமாக விட்டுவைத்த வரியை மீதமிருக்கும் ஒன்றிரண்டு மாதச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிப்பார்கள். மார்ச் மாதச் சம்பளம் பாதிகூடக் கைக்கு வராமல் திகைத்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம், உண்மைதான். ஆனால் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் அதுவரை பொறுக்காது. அதனால்தான் இந்த ஒரு நினைவூட்டலை நான் அவ்வளவு அக்கறையோடு செய்கிறேன். இது ஊழியரின் பணம்.

முன்பு இந்த வேலையைச் சம்பளப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் தனியாளாகச் செய்துவந்தார். எக்செல்லில் விலுக்அப் போட்டு யார் தரவில்லை என்று பட்டியல் எடுப்பார். எல்லோருக்கும் ஒரு மெயில் போகும். கடைசி வாரத்தில் ஒவ்வொருவராகப் போன் போட்டு, "சார், வாடகை ரசீது இன்னும் வரலையே" என்று கேட்பார். எல்லோருக்கும் போகும் மெயிலில் என்ன ஆகிறது என்றால், டிசம்பரிலேயே எல்லாம் கொடுத்து முடித்தவருக்கும் அது போகிறது. அடுத்த மெயிலை அவர் திறக்கவே மாட்டார். ஆதாரமே தேவைப்படாதவருக்கும் போகிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரித்திட்டம்தான் இயல்பாகப் பொருந்தும். பழைய திட்டம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்களுக்கு மட்டுமே வாடகை, எல்ஐசி ஆதாரமெல்லாம். ஆகவே ஃப்ளோவின் முதல் படியே, புதிய திட்டத்தில் இருப்பவர்களையும் எல்லாம் கொடுத்துவிட்டவர்களையும் பட்டியலிலிருந்து நீக்குவது. சம்பள மென்பொருளில் இருந்து தினமும் இரவு மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் தளத்தில் உள்ள ஒரு பட்டியலுக்கு நிலவரம் வந்து சேரும்படி செய்துகொண்டால் இந்த வடிகட்டல் சுலபம். நீங்கள் எந்த பாட்டை வாங்கினாலும் சரி, இந்தப் பட்டியல் சுத்தமாக இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கொடுத்து முடித்தவரிடம் பாட் போய் "இன்னும் தரவில்லை" என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அது சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இனி செய்தி. டீம்ஸில் பட்டன்களோடு வரும் செய்தியை அடாப்டிவ் கார்டு என்பார்கள். நாங்கள் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். உங்கள் எல்ஐசி, பிபிஎஃப் ஆதாரங்கள் வந்துவிட்டன. வாடகை ரசீது மட்டும் பாக்கி. ஜனவரி 20-க்குள் வராவிட்டால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் சுமார் 18,400 ரூபாய் கூடுதலாக வரி பிடிக்கப்படும்."

கீழே மூன்று பட்டன்கள். "ரசீதைப் பதிவேற்றுகிறேன்", "இந்த வருடம் ஆதாரம் இல்லை, வரி பிடித்துக்கொள்ளலாம்", "சம்பளப் பிரிவோடு பேச வேண்டும்".

அந்த ரூபாய்த் தொகை ஒவ்வொருவருக்கும் சம்பள மென்பொருளில் இருந்தே வருகிறது. "உரிய நேரத்தில் சமர்ப்பிக்கவும்" என்ற பொதுவான வரியைக் கடந்துபோகிறவர்கள், தன் பெயருக்கு நேராக ஒரு தொகையைப் பார்த்தால் நிற்கிறார்கள். எந்த ஆதாரம் வந்தது, எது வரவில்லை என்று பிரித்துச் சொல்வதும் அதே அளவுக்கு உதவுகிறது.

இரண்டாவது பட்டன்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைப் பெரும்பாலானோர் வைப்பதில்லை. வருடத் தொடக்கத்தில் ஏதோ நினைப்பில் வாடகை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, பாதியில் சொந்த வீட்டுக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கொடுக்க ரசீது இல்லை. "பதிவேற்று" என்ற ஒரே பட்டனை வைத்தால் அவர்கள் பதிலே சொல்லாமல் இருப்பார்கள். நாம் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்போம். "இல்லை" என்று சொல்ல ஒரு மரியாதையான வழி இருந்தால் அவருக்கும் நிம்மதி, சம்பளப் பிரிவுக்கும் கணக்கு முடிந்தது. ஒப்புதல், பயிற்சி, சர்வே என்று எதற்கு கார்டு வடிவமைத்தாலும் இந்தப் பட்டனை மறக்காதீர்கள்.

முதல் பட்டனை அழுத்தினால் சம்பள போர்ட்டலில் உரிய பக்கம் நேராகத் திறக்கும். ரசீதைச் சாட்டிலேயே இணைக்கச் சொல்லவேண்டாம். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் தேவைப்படும். நம் நிறுவனத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவரின் பான் எண் சாட் வரலாற்றில் கிடப்பது சரியல்ல.

இதை அமைக்கும் கருவி பவர் ஆட்டோமேட். 2016-ல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ என்ற பெயரில் வந்து 2019-ல் பெயர் மாறியது. பழைய வீடியோக்களில் ஃப்ளோ என்றே இருக்கும், குழம்ப வேண்டாம். அமைக்கும்போது இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள்.

ஒன்று நேரம். ஃப்ளோவைத் தினமும் ஓட வைக்கும் ட்ரிகரில் (தொடக்கி வைக்கும் படியில்) டைம்ஸோனைத் தேர்ந்தெடுக்காமல் காலை 10 மணி என்று போட்டால் அது யூடிசி (உலகப் பொது) நேரமாக எடுத்துக்கொள்ளப்படும். நம் ஊரில் செய்தி மாலை 3.30-க்கு வந்து நிற்கும். பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று ஒரு வரி இருக்கிறது, அதைத் தேர்வு செய்யுங்கள். வெளிநாட்டுக் கிளைக்கும் அனுப்புவதாக இருந்தால் அவர்களுக்குத் தனி நேரம் வையுங்கள். பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைச் சட்டமே பேசுகிறது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, இரவு ஒன்பது மணிக்கு பாட் பேசக்கூடாது.

இரண்டாவது, பதிலுக்குக் காத்திருப்பது. கார்டை அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்கும் ஒரு செயல் பவர் ஆட்டோமேட்டில் உண்டு. பார்த்தவுடன் அதைத்தான் எடுக்கத் தோன்றும். அதை ‘அப்ளை டு ஈச்’ என்ற சுழற்சிக்குள் வைத்தால், சுழற்சி இயல்பாக ஒருவர் பின் ஒருவராகத்தான் நகரும். பட்டியலில் முதலில் இருப்பவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தால் ஃப்ளோ அவர் பதிலுக்காக அங்கேயே நிற்கும். இரண்டாவது ஆளுக்கு கார்டு போகவே போகாது. செட்டிங்ஸில், பலருக்கும் ஒரே சமயத்தில் ஓடவிடும் கன்கரன்சியை ஆன் செய்யலாம், ஆனால் அதிகபட்சம் ஒரே நேரத்தில் 50 தான். 400 பேருக்கு அது போதாது. போதாக்குறைக்கு ஒரு ஓட்டம் 30 நாளைத் தாண்டி உயிரோடு இருக்காது. அதனால் வேலையை இரண்டு ஃப்ளோக்களாகப் பிரியுங்கள். முதலாவது கார்டை அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியின் ஐடியை ஊழியரின் வரிசையில் எழுதிவைத்து முடிந்துவிடும். இரண்டாவது, யாராவது கார்டில் பட்டனை அழுத்தினால் மட்டும் விழிக்கும். அதற்கென்றே ஒரு ட்ரிகர் இருக்கிறது. அது பட்டியலைத் திருத்திவிட்டு, எழுதிவைத்த ஐடியைக் கொண்டு பழைய கார்டையே "நன்றி, பதிவாகிவிட்டது" என்று மாற்றும். முடிந்த வேலையின் பட்டன்கள் சாட்டில் தொங்கிக்கொண்டிருக்காது. போர்ட்டலைத் திறக்கும் முதல் பட்டன் வெறும் இணைப்பு என்பதால், அதை அழுத்துவது இந்த ட்ரிகரை எழுப்பாது. அப்படிப் பதிவேற்றியவர்களுக்கு, இரவில் வரும் நிலவரத்தை வைத்து கார்டை மாற்றிக்கொள்ளலாம்.

டீம்ஸுக்குப் பதிலாக ஸ்லாக் வைத்திருப்பவர்களுக்கு 2019 முதல் வொர்க்ஃப்ளோ பில்டர் இருக்கிறது. கோடு எழுதாமல் ஃபார்மோடு செய்தி அனுப்பலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கிளிக் என்ற சாட் செயலியில் பாட்டும் ஷெட்யூலரும் உண்டு, டெலூஜ் என்ற அவர்களுடைய மொழியில் எழுத வேண்டும். சம்பளமும் ஸோஹோவிலேயே ஓடுகிறது என்றால் அதுவே சுலபமான வழி.

எத்தனை முறை நினைவூட்டலாம்? என் கணக்கில் மூன்று. தேதி திறந்ததும் ஒன்று, ஒரு வாரம் இருக்கும்போது ஒன்று, கடைசி நாளுக்கு முந்தைய நாள் ஒன்று. அதற்கும் பதில் இல்லை என்றால் பாட்டின் வேலை முடிந்தது, பெயர்ப் பட்டியல் சம்பளப் பிரிவு அக்காவிடம் போகும். அப்போது அவர் போன் செய்ய வேண்டியவர்கள் சிலரே இருப்பார்கள், அவர்களோடு நிதானமாகப் பேசவும் நேரம் இருக்கும். உடம்பு சரியில்லாதவர், வீட்டில் பிரச்சினை உள்ளவர், போர்ட்டல் பாஸ்வேர்டு மறந்துபோய்ச் சொல்லக் கூச்சப்படுபவர் என்று அந்தப் பட்டியலில் மிஞ்சுபவர்கள் எல்லாம் ஒரு மனிதர் பேச வேண்டியவர்கள்தான்.

"இன்னும் தராதவர்கள்" என்று குழு சேனலில் பெயர் போட்டு அனுப்பச் சொல்லும் மேலாளர்கள் எல்லா நிறுவனத்திலும் உண்டு. நான் அதைச் செய்து தருவதில்லை. ஒருவர் எந்த வரித்திட்டத்தில் இருக்கிறார், எவ்வளவு வாடகை கொடுக்கிறார் என்பது அவருடைய டீம் லீடருக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை. தனிச் செய்திதான், மேலாளருக்கு நகல் கிடையாது.

ஏஐ வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேதியும் பட்டியலும் உள்ள நினைவூட்டலுக்கு அது தேவையே இல்லை. பதிலுக்கு ஊழியர் கேள்வி கேட்கும் இடத்தில் அது கொஞ்சம் உதவலாம். "கடைசி நாள் எது", "ரசீது பிடிஎஃப்பாக இருக்க வேண்டுமா" போன்றவற்றுக்கு நிறுவனத்தின் கொள்கை ஆவணத்திலிருந்து பதில் எடுத்துத் தரட்டும். "எனக்குப் பழைய திட்டம் லாபமா, புதியதா" என்று கேட்டால் ஆளிடம் மாற்றிவிடுங்கள். அதில் ஒரு தப்பான பதில் ஒருவருடைய பணத்தோடு விளையாடுவது.

உங்கள் பட்டியலில் இருந்த டைம்ஷீட்டை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன். போன வாரத்து மணிநேரத்தையே நிரப்பிவைத்து "சரி" என்று அழுத்தச் சொன்னால் எல்லோரும் அழுத்திவிடுவார்கள். அந்தக் கணக்கை வைத்துக் கிளையன்ட்டுக்கு பில் போடும் நிறுவனத்தில் அது ஆபத்து. நிரப்பாமல் விட்டால் கார்டுக்குள் வேலை முடியாது. முடிவு செய்ய நேரம் எடுக்கும் விஷயம் அது. பயிற்சிக்கு இணைப்பு அனுப்புவதோடு சரி. வரி ஆதாரத்தில் தொடங்குங்கள், அதுவும் முதல் வருடம் ஒரே ஒரு பிரிவில்.

டீம்ஸ் இல்லாத டிரைவர்கள், செக்யூரிட்டி, கேன்டீன் ஊழியர்களை விட்டுவிடாதீர்கள். சம்பளம் வாங்கும் யாருக்கும் இந்தச் செய்தி சேர வேண்டும். அவர்களுக்கு எஸ்எம்எஸ் தமிழில் போகட்டும், சூப்பர்வைசரிடம் சொல்லி நேரிலும் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், ஃப்ளோ யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். உருவாக்கியவர் வேலையை விட்டுப் போனாலோ பாஸ்வேர்டு மாற்றினாலோ இணைப்பு அறுந்து சத்தமில்லாமல் நின்றுவிடும். இன்னும் இரண்டு பேரைக் கோ-ஓனராகச் சேர்த்து, அதில் ஒருவர் சம்பளப் பிரிவில் இருப்பவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் அவர் பெயருக்கே ஒரு சோதனைக் கார்டு அனுப்பிப் பார்த்துவிட்டு, ஜனவரி முதல் வாரத்தில் ஆரம்பிக்கலாம்.