குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் நாத்தனார் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து வயது முடியப் போகிறது. பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று நானும் கணவரும் தீர்மானித்திருக்கிறோம். வீட்டையே வகுப்பறையாக்கிப் பாடம் நடத்தும் எண்ணமும் இல்லை. அவளுக்கு எதில் ஆர்வமோ அதன் வழியே கற்கட்டும் என்று விட்டிருக்கிறோம், அதாவது அன்ஸ்கூலிங். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாத்தனார் ஆசிரியை. போன மாதம் வந்திருந்தபோது குழந்தையை உட்கார வைத்து எழுத்துகளை எழுதச் சொல்லி, அவள் திணறியதை வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "குழந்தைகள் நலத் துறையில் புகார் கொடுப்பேன், கோர்ட்டுக்குப் போய்க் குழந்தையை நாங்களே வாங்கி வளர்ப்போம்" என்கிறார். கணவர் என்னிடம் உறுதியாகப் பேசுகிறார், அவர்களிடம் "ஒரு வருஷம் பார்ப்போம்" என்கிறார். சட்டப்படி அவர்களால் என்ன செய்ய முடியும்? நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தை பள்ளிக்குப் போகவில்லை என்பதற்காக மட்டும் எந்தக் கோர்ட்டும் அவளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அத்தையிடம் கொடுத்துவிடாது. குழந்தையின் கல்வியைத் தீர்மானிக்கும் பொறுப்பு பெற்றோருடையது, அதற்கு அடுத்தபடியாகக் கேள்வி கேட்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. பாட்டிக்கும் அத்தைக்கும் பாசம் உண்டு, கருத்து உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் சட்டப்படி ஓட்டு கிடையாது. 1948-ல் வந்த உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவே, தொடக்கக் கல்வி கட்டாயம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கு என்கிறது. இந்த இரண்டும் ஒரே பிரிவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பதிலில் பாதி அதைப் பொறுத்தது என்பதால், சில நாடுகளின் நிலையைச் சேர்த்தே சொல்கிறேன்.

உறவினர்கள் கோர்ட்டுக்குப் போவதைப் பற்றி. இந்தியாவில் 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி, குழந்தையின் எந்த உறவினரும் கார்டியன், அதாவது சட்டப்படியான பாதுகாவலர், நியமனம் கேட்டு மனுப் போடலாம். ஆனால் அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தந்தையோ தாயோ உயிரோடு இருந்து, அவர் அந்தப் பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத வரையில் வேறொருவரை நியமிக்க முடியாது என்கிறது. ஆக, உங்கள் இருவரையுமே தகுதியற்றவர்கள் என்று நாத்தனார் நிரூபித்தாக வேண்டும். இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, குழந்தை அவர்களோடு வாழ்ந்துவந்தால் ஒழிய, தாத்தா பாட்டியானாலும் மனுப் போடுவதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்டு மனுப் போடலாம் என்று வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. மகன் இறந்த பிறகு பேத்திகளை இன்னும் அதிக நாள் தங்களோடு வைத்துக்கொள்ளத் தாத்தா பாட்டி கேட்டார்கள், தாய் மாதம் ஒரு முறை போதும் என்றார். தகுதியுள்ள பெற்றோர் தன் குழந்தையின் நலனுக்காகவே முடிவெடுக்கிறார் என்றுதான் நீதிமன்றம் தொடங்க வேண்டும், அந்த முடிவுக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது பார்க்க வருவது பற்றிய வழக்குதான், பள்ளி பற்றியது அல்ல. இருந்தாலும், "நாங்களும் ரத்த சொந்தம்தானே" என்ற வாதம் கோர்ட்டில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது நல்ல அளவு.

புகார் கொடுப்பது வேறு விஷயம். அதை யாரும் தடுக்க முடியாது. குழந்தைகள் நலன் தொடர்பான புகாரை அத்தையும் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கொடுக்கலாம், இந்தியாவில் 1098-க்கு ஒரு போன் போதும். புகார் வந்துவிட்டாலே நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள், அதிகாரி வந்து விசாரிப்பார், அவ்வளவுதான். அவர் பார்ப்பது குழந்தை சாப்பிடுகிறாளா, ஆரோக்கியமாக இருக்கிறாளா, பயமில்லாமல் இருக்கிறாளா, வீட்டுக்கு வெளியே மனிதர்களோடு பழகுகிறாளா, ஏதாவது ஒரு வகையில் கற்கிறாளா என்பதைத்தான். யாராவது வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள், என்ன புகார் என்று கேளுங்கள், பொறுமையாகப் பேசுங்கள், எழுத்தில் பதில் தருகிறோம் என்று சொல்லி அதன்படி கொடுங்கள். கதவைச் சாத்துவதும், யார் போட்டுக்கொடுத்தார்கள் என்று அதிகாரியிடமே சண்டை பிடிப்பதும் உங்களுக்கு எதிராகத்தான் முடியும்.

அடுத்தது வயது. உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை, பல நாடுகளில் சட்டம் இன்னும் உங்களிடம் எதுவுமே கேட்கவில்லை. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைக்கும் உள்ளது. பின்லாந்தில் ஏழு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, வாஷிங்டனில் எட்டு. இங்கிலாந்தில் ஐந்தாவது பிறந்த நாளுக்கு அடுத்து வரும் பருவத்தில் தொடங்கிவிடும். பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே. உங்கள் நாட்டின் வயது ஆறு அல்லது ஏழு என்றால், நாத்தனார் இன்று கொடுக்கும் "பள்ளிக்கு அனுப்பவில்லை" என்ற புகாருக்குச் சட்டத்தில் காலே கிடையாது.

அந்த வயது வந்த பிறகு? ஜெர்மனியில் இருந்தால், தயவுசெய்து இந்த எண்ணத்தை அங்கே செயல்படுத்தாதீர்கள். அங்கே கட்டாயம் என்பது கல்வி மட்டுமல்ல, பள்ளிக்குப் போவதே கட்டாயம். பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளை 2013 ஆகஸ்டில் அதிகாரிகள் அழைத்துப்போய் மூன்று வாரம் விடுதியில் வைத்தார்கள், பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2019 ஜனவரியில் தோற்றார்கள். ஸ்வீடனில் 2011 முதல் அசாதாரணமான சூழ்நிலைகளில் மட்டுமே வீட்டில் கற்பிக்க அனுமதி. பிரான்சில் 2022 செப்டம்பர் முதல் அதற்கு முன் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் விலக்கு வாங்க வேண்டும், தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வையும் குழந்தை எழுதியாக வேண்டும், அதனால் முழுமையான அன்ஸ்கூலிங் அங்கே கடினம். மலேசியாவிலும் 2003 முதல் தொடக்கப் பள்ளி கட்டாயம், விலக்கு கேட்டுத்தான் வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் மாநிலத்துக்கு (கன்டோன்) மாநிலம் மாறும். நார்வேயில் வீட்டில் கற்பிக்கலாம், நகராட்சி மேற்பார்வை செய்யும். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூலிங் சட்டப்படியானது, ஆனால் டெக்சஸில் யாருக்கும் அறிவிக்கக்கூட வேண்டாம், நியூயார்க்கில் வருடத் திட்டமும் மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் நிலை உங்களுக்கு மிகவும் பொருந்தும். 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, குழந்தையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியைப் பள்ளி வழியாகவோ வேறு வழியாகவோ பெற்றோர் தர வேண்டும் என்கிறது. அந்த "வேறு வழியாகவோ" என்பதில்தான் மொத்த ஹோம்ஸ்கூலிங்கும் நிற்கிறது. அரசின் பாடத்திட்டம் கட்டாயமில்லை, கால அட்டவணை கட்டாயமில்லை. எது ஏற்ற கல்வி என்பதற்கு 1985-ல் ஒரு நீதிபதி சொன்ன அளவுகோலை நான் எந்த நாட்டுப் பெற்றோருக்கும் சொல்வேன்: குழந்தை வளரும் சமூகத்தில் வாழ அது தயார்ப்படுத்த வேண்டும், அதே நேரம் பின்னாளில் வேறொரு வாழ்க்கையை அவள் தேர்ந்தெடுக்க நினைத்தால் அந்த வாய்ப்பை அது அடைத்துவிடக் கூடாது. உங்கள் மாமியாரின் கவலையும், பதற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்த இரண்டாவது பாதிதான்.

இந்தியா கொஞ்சம் குழப்பமான இடம். கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. சில மாநிலங்களின் பழைய கட்டாயக் கல்விச் சட்டங்களில் அபராதம் உண்டு, அதனால் உங்கள் மாநிலச் சட்டத்தையும் ஒருவரிடம் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 4-ஆவது பிரிவு. பள்ளியிலேயே சேராத குழந்தை பின்னால் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம், மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாக வரச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் அவளுக்கு உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகள் இருக்கின்றன, அப்புறம் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். "பள்ளிக்கே போகாதவள் நாளைக்கு டிகிரி எப்படி வாங்குவாள்" என்று கேட்கும் மாமியாரிடம் அன்ஸ்கூலிங் தத்துவத்தைப் பேசி ஜெயிக்க முடியாது, இந்த வழியைச் சொல்லுங்கள்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியதுதான் எனக்குப் பெரிய கவலை, அது உங்கள் கணவரின் "ஒரு வருஷம் பார்ப்போம்". நாத்தனாரின் மிரட்டலைவிட இந்த மழுப்பல் ஆபத்தானது. பெற்றோர் இருவரும் ஒரே பேச்சாக இருக்கும்வரை, கேள்வி பெற்றோருக்கும் அரசுக்கும் இடையில். இருவரும் பிரிந்து நின்றால், எது குழந்தைக்கு நல்லது என்று நீதிபதி தானே முடிவெடுக்கும் நிலை வந்துவிடும். 2011-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. விவாகரத்தான தாய் வீட்டில் கற்பிக்கிறார், தந்தை பள்ளி வேண்டும் என்கிறார். ஹோம்ஸ்கூலிங் நல்லதா கெட்டதா என்பதற்குள் நாங்கள் போகவில்லை, பெற்றோர் இருவர் உடன்படாத இடத்தில் குழந்தையின் நலனைத்தான் பார்க்கிறோம் என்று சொல்லி, பள்ளிக்கு அனுப்பச் சொன்ன உத்தரவை நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் குடும்பத்தில் அப்படி எதுவும் நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கணவர் அம்மாவுக்கு அனுப்பும் "எனக்கும் முழுச் சம்மதம் இல்லை, அவள்தான் பிடிவாதம்" மாதிரியான ஒரு மெசேஜ் எந்தப் புகாரிலும் முதல் இணைப்பாக வரும். அவருக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், அதை அவர் உங்களிடம் சொல்ல முடிகிற வீடாக இருக்க வேண்டும். முழு மனதில்லாத கணவரை வைத்துக்கொண்டு இந்தப் பாதையில் போவதைவிட, ஒரு வருடம் தள்ளிப்போட்டுப் பேசித் தீர்ப்பது மேல் என்பேன்.

வீடியோ விஷயம் எனக்கும் வருத்தமாக இருந்தது. ஐந்து வயதுகூட ஆகாத குழந்தையைத் திணற வைத்து அதைப் படம் எடுத்துப் பரப்புவது நியாயமே இல்லை, அதுவும் ஒரு ஆசிரியை செய்திருக்கிறார். ஆனால் கேஸ் போட முடியுமா என்றால், பெரும்பாலான தனிநபர் தரவுச் சட்டங்கள் குடும்பத்துக்குள் நடக்கும் பயன்பாட்டுக்கு விலக்குத் தந்திருப்பதால், அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தனியாக ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "குழந்தையின் வீடியோவை எங்கள் சம்மதம் இல்லாமல் பகிர வேண்டாம், குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள்." கணவர் போனிலிருந்து போகட்டும், இருவர் பெயரும் இருக்கட்டும். குழுவில் பதிலுக்குப் பதில் எழுதாதீர்கள், கோபத்தில் எழுதிய ஒரு வரி ஸ்கிரீன்ஷாட்டாகி எங்கேயும் போகும். இனிமேல் அவர் வரும்போது உங்களில் ஒருவர் கூடவே இருங்கள், பரீட்சை வைக்க ஆரம்பித்தால் குழந்தையை அங்கிருந்து அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். யார், எப்போது, எப்படி உங்கள் மகளோடு பழகலாம் என்பதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வக்கீல் நோட்டீஸ் மட்டும் வேண்டாம். வாய்ச் சண்டையாக இருப்பதை நீங்களே எழுத்துத் தகராறாக மாற்றிக் கொடுத்தது போல் ஆகிவிடும், எதிர்த் தரப்பும் ஒரு வக்கீலைப் பிடிக்கும், அதன்பிறகு உங்கள் மகள் அத்தை வீட்டு வாசலை மிதிக்கவே முடியாது.

நோட்டீஸ் எழுதும் நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அன்ஸ்கூலிங் செய்யும் பெற்றோரிடம் நான் காணும் பெரிய குறை இதுதான், குழந்தை நிறையக் கற்றிருப்பாள், காட்ட ஒரு தாள் இருக்காது. தினமும் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், தேதியோடு இரண்டு வரி. சாக்ஸ்களை ஜோடி சேர்த்து அடுக்கினாள், ஒன்று மிஞ்சியது, மொத்தம் பதினொன்று என்று அவளே எண்ணிச் சொன்னாள், பன்னிரண்டாவது எங்கே என்று வீடு முழுக்கத் தேடினாள். இது ஒற்றைப்படை இரட்டைப்படைப் பாடம், பார்க்கும் அதிகாரிக்குப் புரியும். அவள் வரைந்த படங்களைத் தேதி போட்டு வையுங்கள், வாசித்துக் காட்டிய புத்தகங்களின் பெயரை எழுதுங்கள், வெளியே போன இடங்கள், விளையாடும் நண்பர்கள் எல்லாம் அதில் வரட்டும். தடுப்பூசி அட்டையும் மருத்துவர் சீட்டுகளும் அதே ஃபைலில் இருக்கட்டும். கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் கண்டிப்பாகச் செய்யுங்கள், பள்ளியில் கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு உங்கள் குழந்தைக்கு இல்லை. எழுத்தில் திணறுவது ஐந்து வயதில் சாதாரணம், ஏழெட்டு வயதிலும் தொடர்ந்தால் ஆர்வம் வரட்டும் என்று காத்திராமல் நிபுணரிடம் காட்டுங்கள். அதைச் செய்யாமல் விட்டால், கவனிக்காமல் விட்டார்கள் என்ற புகாருக்கு அப்போது உண்மையான அடிப்படை வந்துவிடும்.

இன்னொன்று. 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கே உண்டு என்கிறது. என்றாவது ஒரு நாள் அவளே "நானும் ஸ்கூலுக்குப் போறேன்" என்றால், நாத்தனார் ஜெயித்துவிடுவாரே என்று பார்க்காதீர்கள்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். நீங்களும் கணவரும் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: மகளின் கல்வியை ஏன் இப்படி நடத்துகிறோம், எப்படி நடத்துகிறோம், எந்த வயதில் மறுபடி யோசிப்போம், எந்தத் தேர்வு வழியைத் திறந்து வைத்திருக்கிறோம். நாட்டின் கட்டாய வயது வருவதற்குள் அறிவிப்போ அனுமதியோ தேவையென்றால் அந்தத் தேதியையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு ஃபைலில் முதல் தாளாக வையுங்கள். மாமியாருக்கு ஒரு பிரதியை உங்கள் கணவர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், நீங்கள் அல்ல.