ஃபிக்சட் வட்டிதானே, மாதத் தவணை எப்படி 1,300 டாலர் ஏறும்?

டெக்சாஸ், ஃப்ரிஸ்கோவில் பில்டரிடம் புது வீடு வாங்கிய ஒரு வாசகர் கேட்கிறார்: "30 வருட ஃபிக்சட் லோன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. இப்போது எஸ்க்ரோவில் பற்றாக்குறை என்று தவணையை 1,300 டாலர் ஏற்றிவிட்டார்கள். வீடு வாங்கும்போது எஸ்க்ரோவில் கொடுத்த 10,000 டாலர் எங்கே போனது? ஏமாற்றுகிறார்களா?"

எஸ்க்ரோ என்றால் ஒரு செலவுக்காக இன்னொருவர் பொறுப்பில் ஒதுக்கி வைக்கும் பணம். முதலில் அந்த 10,000. அது வேறு எஸ்க்ரோ. ஒப்பந்தம் போட்டதும் நீங்கள் கொடுத்த எர்னஸ்ட் மணி, அதாவது முன்பணம் அது. டெக்சாஸில் வழக்கமாக டைட்டில் கம்பெனி (பத்திர வேலையையும் பணத்தையும் கையாளும் நிறுவனம்) அதை இரு தரப்புக்கும் பொதுவாக வைத்திருக்கும், புது வீட்டில் சில பில்டர்கள் தாங்களே வைத்துக்கொள்வதும் உண்டு. க்ளோசிங் அன்று, அதாவது வீடு கைமாறும் நாளில், அது நீங்கள் கட்ட வேண்டிய தொகையில் கழிந்திருக்கும். க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற கணக்குத் தாளில் 'டெபாசிட்' என்ற வரியைப் பாருங்கள், இருக்கும். அந்தக் கதை அதோடு முடிந்தது.

இப்போது உங்களைப் படுத்துவது லோனோடு ஒட்டிய எஸ்க்ரோ. ஃபிக்சட் என்பது அசலுக்கும் வட்டிக்கும் மட்டும்தான். வீட்டு வரியும் இன்சூரன்ஸும் ஃபிக்சட் இல்லை, வருடாவருடம் மாறலாம்; சர்வீசர் (உங்கள் லோன் தவணையை வசூலிக்கும் நிறுவனம்) அவற்றை 12 பங்காக்கி உங்களிடம் மாதாமாதம் வாங்கி, பில் வரும்போது உங்கள் பேரில் கட்டுகிறார். அதற்கு மேல் இரண்டு மாதப் பணத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள 'ரெஸ்பா' என்ற வீட்டுக்கடன் சட்டம் அனுமதிக்கிறது, அதற்கு மேல் வைக்க முடியாது.

புது வீட்டில் சிக்கல் வருவது இங்கேதான். டெக்சாஸில் ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருந்ததோ அதற்குத்தான் அந்த வருட வரி. அன்று உங்கள் மனை வெறும் மண்ணாக இருந்திருந்தால், ஜூலையில் நீங்கள் பால் காய்ச்சிக் குடிபோனாலும் அந்த வருட பில் மண்ணுக்கு மட்டும்தான். அதைப் பார்த்து எஸ்க்ரோ போட்டிருப்பார்கள். ஒரு உதாரணக் கணக்கு: மனை வரி 1,800 டாலர், மாதம் 150. அடுத்த வருடம் வீட்டோடு சேர்த்து 9,000, அதாவது மாதம் 750. இதிலேயே 600 ஏறிவிட்டது. இதற்கிடையில் கணக்கில் வருடம் முழுக்கச் சேர்ந்த 1,800, கையிருப்பு 300, ஆக 2,100தான் இருந்தது, சர்வீசர் 9,000 கட்டிவிட்டார். 6,900 கடன். புதுக் கையிருப்பு 1,500 வேண்டும். மொத்தம் 8,400, அதை 12 மாதத்துக்குப் பரப்பினால் மாதம் 700. ஆக 1,300!

அந்த 700 ஒரு வருடத்தில் போய்விடும், 600 போகாது. கையில் பணம் இருந்தால் 8,400-ஐ மொத்தமாகக் கட்டிவிடலாம், முடியாவிட்டால் 12 மாதத்துக்கு மேல் பரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் பல சர்வீசர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். இதை வீடு விற்கும்போதே யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு, ஏனென்றால் முழு வீட்டுக்கான வரியைக் கணக்கிட்டு முதல் மாதத்திலிருந்தே கூடுதலாக எஸ்க்ரோவில் போடச் சொன்னால் இந்த அதிர்ச்சியே வராது.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டாதீர்கள். வருடாந்திர எஸ்க்ரோ அறிக்கையில் போட்டிருக்கும் வரித் தொகையை உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) இணையதளத்தில் இருக்கும் பில்லோடு ஒப்பிடுங்கள் (ஃப்ரிஸ்கோவில் ஒரு பகுதி காலின் கவுண்டி, இன்னொரு பகுதி டென்டன் கவுண்டி, எது உங்களுடையது என்று பாருங்கள்). தப்பாக இருந்தால் எழுத்தில் முறையிடுங்கள். ஐந்து வேலை நாளில் 'கிடைத்தது' என்றாவது அவர்கள் பதில் போட வேண்டும். சர்வீசர் தாமதமாக வரி கட்டி அபராதம் விழுந்தால், உங்கள் தவணை ஒழுங்காக இருக்கும்வரை, அது அவர் பாடு.

அப்புறம் இன்சூரன்ஸ். அந்தப் பக்கம் ஆலங்கட்டி மழைக்கே பிரீமியம் ஏறும், அதனால் வருடாவருடம் நாலு இடத்தில் விலை கேளுங்கள். கம்பெனி மாற்றினால் சர்வீசருக்கு உடனே சொல்லுங்கள். பழைய கம்பெனி திருப்பி அனுப்பும் செக் உங்கள் பெயருக்கு வரும்; அதைச் செலவழித்துவிடாமல் எஸ்க்ரோவில் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் இதே பற்றாக்குறை திரும்பவும் வரும்.

கடைசியாக, ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான வரிச் சலுகை) வாங்கிவிட்டீர்களா? சர்வீசர் அதைச் செய்ய மாட்டார், நீங்கள்தான் வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பள்ளி வரிக்கு மட்டும் 1,40,000 டாலர் கழியும். விண்ணப்பம் இலவசம், கட்டணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். விட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை, வரி கெடு முடிந்து இரண்டு வருடம்வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம். வீட்டு மதிப்பே அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள் ஆட்சேபம் போடுங்கள். வரி குறைந்ததும் சர்வீசரை அழைத்து எஸ்க்ரோவை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள், நீங்களாகக் கேட்காவிட்டால் அடுத்த வருடாந்திர அறிக்கைவரை பழைய தவணையையே வாங்கிக்கொண்டிருப்பார்கள்.