ஒரே கரைசல், ஒரே இரும்பு. அரிப்பு மட்டும் ஏன் வேறு?

கேள்வி: எங்கள் ஆலையில் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்க 30 சதவீத மோனோஎத்தனாலமைன் (அந்த வாயுவை உறிஞ்சும் ஓர் அமைன்) கரைசல் சுற்றி வருகிறது. 50 டிகிரி செல்சியஸில் ஓடும் கார்பன் ஸ்டீல் குழாய்கள் பல ஆண்டுகளாக நன்றாகவே இருக்கின்றன. உறிஞ்சிய வாயுவை வெளியேற்றக் கரைசலை நீராவியால் கொதிக்க வைக்கும், 120 டிகிரியில் இயங்கும் ரீபாய்லரின் குழாய்களும் அதன் வெளியேற்ற வளைவும் மட்டும் மெலிந்துவிட்டன. பத்து டிகிரி கூடினால் அரிப்பு இரு மடங்காகும் என்கிறார்களே, அதுதான் காரணமா?

பதில்: அந்த விதி அறை வெப்பநிலையை ஒட்டித்தான் பொருந்தும். வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889இல் தந்த சமன்பாட்டில், கிளர்வு ஆற்றலை (வினை நிகழத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை) மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியிலிருந்து 35க்கு உயரும்போது வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 110இலிருந்து 120க்கு உயரும்போதோ ஒன்றரை மடங்குதான் ஆகிறது. 50 டிகிரிக்கும் 120 டிகிரிக்கும் இடையே சமன்பாடு தருவது சுமார் 27 மடங்கு. இரட்டிப்பு விதியை ஏழு முறை போட்டால் 128 மடங்கு வந்துவிடும்.

அந்த 27 மடங்கையும் குழாயில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. இரும்பைத் தின்பது பெரும்பாலும் அமைன் அன்று, அது சுமந்து வரும் கரியமில வாயுவே. அந்த வாயு இரும்போடு வினைபுரிவதால் உண்டாகும் இரும்புக் கார்பனேட், வெப்பம் கூடக் கூட எளிதில் படிந்து, உலோகத்தின்மேல் இறுகிய படலமாகிக் காக்கவும் செய்கிறது. ஆகவே சூடான, ஆனால் சலனம் குறைந்த பகுதியில் அரிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதுண்டு.

ரீபாய்லரில் அந்தப் படலத்துக்கு நிம்மதி இல்லை. உலைநீர் கொதிக்குமுன் பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கரைந்திருந்த காற்று வெளியேறுவது. அதுபோலவே, கரைசலில் எஞ்சிய கரியமில வாயு இங்கே குழாய்ச் சுவரிலேயே பிரிந்து, நீராவியோடும் திரவத்தோடும் கலந்து வேகமாகப் பாய்ந்து, வளைவில் மோதிப் படலத்தைப் பெயர்த்துவிடுகிறது. மேலும் உங்கள் வெப்பமானி காட்டும் 120 டிகிரி திரவத்துடையது. மறுபக்கம் நீராவி படும் உலோகத்தின் சூடு அதைவிடக் கூடுதல். திரவத்தை 127 டிகிரிக்கு மேலும், நீராவியை 150 டிகிரிக்கு மேலும் போகவிடாமல் வைப்பது இத்துறையில் வழக்கம். நீராவியின் அழுத்தம் கூடினால் அதன் சூடும் கூடும் என்பதால், நானாக இருந்தால் முதலில் நீராவியின் அழுத்தமானியைத்தான் பார்ப்பேன். மிகைச் சூடு அமைனையும் சிதைக்கிறது; அதோடு ஆக்சிஜன் புகுந்தால் உருவாகும் ஃபார்மிக் போன்ற அமிலங்கள், கொதிக்க வைத்தாலும் நீங்காத உப்புகளாகத் தங்கி அரிப்பை வளர்க்கின்றன.

அதற்காக நீராவியை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். ரீபாய்லருக்கு முன்னுள்ள, வாயுவைப் பிரிக்கும் கோபுரத்திலேயே வெளியேற வேண்டிய வாயு அங்கே பிரியாமல் ரீபாய்லர்வரை வந்து சேரும். குழாய்கள் முன்னைவிட விரைவாக மெலியும். ரீபாய்லர் குழாய்களையும் அந்த வளைவையும் 316எல் போன்ற துருப்பிடிக்கா எஃகில் மாற்றிவிட்டு, 50 டிகிரிக் குழாய்களைக் கார்பன் ஸ்டீலாகவே விட்டுவைக்கலாம். அவற்றிலும் வளைவுகளின் வெளிப்புறத் தடிமனை மீயொலிக் கருவியால் அவ்வப்போது அளந்துவாருங்கள்.