கப்பல் ஏறறதுக்கு முந்தின ராத்திரி சிங்கப்பூர்ல எங்க தங்கறது? சேலத்துக்காரங்க கேள்விக்கு பதில்

லீவுக்கு சிங்கப்பூர் போய் க்ரூஸ் ஏறப்போற நம்மூர் ஆளுங்க ஹோட்டல் பத்தி நிறைய கேட்டிருக்கீங்க, இன்னிக்கு உக்காந்து பதில் போட்டுடறேன். தங்கறது பத்தி மட்டும் கேளுங்க, பேக்கேஜ் ரேட்டெல்லாம் ஏஜென்ட்டுகிட்ட.

அஸ்தம்பட்டி அக்கா: நாங்க ரெண்டு பேர், பொண்ணு ஒண்ணு. ஒரே ராத்திரி தான். லிட்டில் இந்தியாவா, மெரினா பே பக்கமா?

அக்கா, ஏரியாவை அப்புறம் பாக்கலாம், முதல்ல கப்பல் டிக்கெட்ல டெர்மினல் பேரு என்னன்னு பாருங்க. சிங்கப்பூர்ல ரெண்டு இடம். ஒண்ணு மெரினா பே க்ரூஸ் சென்டர், 2012ல திறந்தது. இன்னொண்ணு ஹார்பர்ஃப்ரண்ட், விவோசிட்டி மால் பக்கத்துல. சென்டோசா போற கேபிள் கார் அந்த தண்ணிக்கு மேலதான் ஓடுது, அதனால ரொம்ப உயரமான கப்பல் அங்க வர முடியாது, ராயல் கரீபியன் மாதிரி பெருசெல்லாம் மெரினா பேலதான்.

ஹார்பர்ஃப்ரண்ட்னு போட்டிருந்தா லிட்டில் இந்தியாவை தாராளமா போடுங்க, ஊதா லைன் ரயில்ல ஏறினா எங்கயும் மாறாம நேரா அங்க இறங்கலாம். மெரினா பேன்னா சிவப்பு லைனோட கடைசி ஸ்டேஷன், மெரினா சவுத் பியர், அங்கேர்ந்து ஒரு பத்து நிமிஷம் நடை. லிட்டில் இந்தியாலேர்ந்து இதுக்கு வரணும்னா தோபி காட் ஸ்டேஷன்ல லைன் மாறணும், அங்க எஸ்கலேட்டர் எஸ்கலேட்டரா ஏறி இறங்கி பெட்டியை இழுத்துட்டு குழந்தையையும் புடிச்சுட்டு போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். அதனால சிட்டி ஹால், சாமர்செட் மாதிரி சிவப்பு லைன் மேலயே இருக்கற இடமா பாருங்க, இல்ல சாப்பாட்டுக்காக லிட்டில் இந்தியாதான் வேணும்னா தங்கிட்டு காலைல டாக்ஸி புடிங்க, இருபது நிமிஷத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுடுவான்.

லிட்டில் இந்தியா ரூம் புக் பண்றப்ப 'ஜன்னல் இல்லாத ரூம்'னு சின்ன எழுத்துல போட்டிருக்கானான்னு பாத்துக்கோங்க. கம்மி ரேட் ரூம்ல பாதி அப்படித்தான். கதவைத் திறந்தா கட்டில் முட்டும், பெரிய பெட்டியை தரையில விரிச்சு வெச்சா பாத்ரூம் போறதுக்கு கட்டில் மேல ஏறி தாண்டணும், சுவத்துல அழகா திரை தொங்கும், விலக்கிப் பாத்தா பின்னாடியும் சுவருதான். ராத்திரி படுத்து காலைல கெளம்பறவங்களுக்கு அது போதும். ஆனா தெரிஞ்சு எடுங்க.

விலைக்கு பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி இருந்தா சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதமும், அதுக்கும் மேல ஜிஎஸ்டி 9 சதவீதமும் சேரும். 200 டாலர் ரூம் கடைசில 240 கிட்ட வந்து நிக்கும்.

அம்மாபேட்டை: நாங்க அஞ்சு பேர். ஒரு ரூம் போட்டு தரையில படுத்துக்கலாமா?

முடியாதுங்க. ஏற்காட்டுல எக்ஸ்ட்ரா பெட் கேட்டு போட்டுக்கற மாதிரி அங்க நடக்காது. ஒரு ரூமுக்கு இத்தனை பேர்னு இருக்கும், செக்-இன்ல எல்லார் பாஸ்போர்ட்டும் கேப்பான். ரெண்டு ரூம் போடுங்க, இல்ல ஃபேமிலி ரூம்னே தனியா தேடுங்க. டாக்ஸியும் அப்படித்தான், சாதா டாக்ஸில நாலு பேர்தான், அஞ்சு பேருக்கு ஆறு சீட்டர்.

ஓமலூர் தம்பி: அண்ணா, காலைல 7 மணிக்கு இறங்கறோம், அப்பவே ரூம் குடுப்பாங்களா? மறுநாள் கப்பல்.

குடுக்க மாட்டாங்க தம்பி. செக்-இன் மதியம் 2 மணி, 3 மணிதான். நம்ம ஊர்லேர்ந்து ராத்திரி ப்ளைட்ல போறவங்க எல்லாரும் இதுல மாட்டறாங்க, நேரம் வேற ரெண்டரை மணி முன்னாடி ஓடும், தூக்கமே இருக்காது. வயசானவங்க, கைக்குழந்தை இருந்தா முந்தின ராத்திரிக்கும் சேத்து புக் பண்ணி, விடியக்காலைல வருவோம்னு ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க, இல்லன்னா நீங்க வரலன்னு ரூமை கேன்சல் பண்ணிடுவான். நீங்க எளவட்டம்னா பெட்டியை ரிசப்ஷன்ல குடுத்துட்டு ஊர் சுத்துங்க.

இன்னொருத்தர்: ஏற்காட்டுல ஏரி தெரியற மாதிரி ரிசார்ட் சொல்லுங்க.

இன்னொரு நாள் பேசலாங்க.

சூரமங்கலம் அண்ணன்: அந்த ஒரு ராத்திரி ரூமே வேஸ்ட்டுங்க. திருச்சில ராத்திரி ப்ளைட் ஏறினா காலைல சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட், மதியம் கப்பல். காசு மிச்சம்.

அண்ணே, இதை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. டிக்கெட்ல இருக்கற நேரம் கப்பல் கெளம்பற நேரம். செக்-இன் அதுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்னாடியே மூடிடும். திருச்சி ப்ளைட் நாலு மணி நேரம் லேட் ஆனா உங்களுக்கு வேற வழி என்ன? கப்பல் காத்திருக்காது. அதுக்கப்புறம் பினாங்குக்கோ புக்கெட்டுக்கோ சொந்த காசுல ப்ளைட் புடிச்சு, கப்பல்காரன் ஒத்துக்கிட்டா ஏறலாம், கட்டின காசு போனது போனதுதான். ஆள் வந்து பெட்டி வரலன்னா அதுவும் கஷ்டம்.

சூரமங்கலம் அண்ணன்: எங்க தெருவுல நாலு குடும்பம் அப்படித்தான் போயிட்டு வந்துச்சு, ஒண்ணும் ஆகல.

நல்லபடியா போனாங்க, சந்தோஷம். அஞ்சாவது குடும்பத்துக்கு ப்ளைட் லேட் ஆனா உங்க தெருவுல யாரு பணம் குடுப்பா? ரெண்டு லட்சம், மூணு லட்சம் சேத்து வெச்சு குடும்பத்தோட ஒரு தடவை போறவங்கண்ணே, ஒரு ராத்திரி ரூமோட பதினஞ்சாயிரத்துக்காக அதை பணயம் வெக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

அன்னதானப்பட்டி: குறுக்க வரேன். சென்னை துறைமுகத்துலேர்ந்து கப்பல்னா ராத்திரி ரயில்ல போய் அன்னிக்கே ஏறலாம்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க?

ஆமாங்க, இப்பவும் சொல்றேன். ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியறதுக்குள்ள சென்ட்ரல்ல இறக்கிடும், துறைமுகம் அங்கேர்ந்து பக்கம். ரயில் லேட்டுன்னு ராத்திரி ஜங்ஷன்லயே தெரிஞ்சா கார் எடுத்துட்டு கெளம்பலாம், சென்னை 340 கிலோமீட்டர்தான். கடலுக்கு அந்தாண்ட ப்ளைட் லேட் ஆனா கார்ல போக முடியுமா? மாத்து வழி இருக்கா இல்லையா, அதை வெச்சுதான் சொல்றேன்.

சூரமங்கலம் அண்ணன்: சரி, முந்தின நாள் மதியமே போற ப்ளைட்டா இருந்தா?

ரொம்ப நல்லது. அதைத்தான் சொல்றேன். சாயந்திரம் இறங்கி, சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சு போங்க.

ஆத்தூர்: லிட்டில் இந்தியா நல்லதா?

முதல் பதில். டெர்மினல் பாருங்க.

சங்ககிரி: லிட்டில் இந்தியால தங்கினா கப்பலுக்கு தூரமா?

எந்த டெர்மினல்னு சொல்லாம கேட்டா நான் எப்படிங்க சொல்றது? மேல படிங்க.

அழகாபுரம் அக்கா: மாமியாருக்கு முட்டி வலி, சுத்த சைவம் வேற.

அக்கா, உங்களுக்கு லிட்டில் இந்தியா பொருந்தும். செராங்கூன் ரோட்டுல கோமள விலாஸ் 1947லேர்ந்து இருக்கு, இட்லி காபிக்கு கவலையே இல்ல, வீரமாகாளியம்மன் கோயிலும் அதே ரோடுதான். ஆனா கீழ கடை, மேல வீடுன்னு இருந்த பழைய கட்டடத்தை மாத்தின ஹோட்டல்ல சிலதுல லிஃப்டே கிடையாது, செங்குத்தா மரப்படி ஏறணும். 'லிஃப்ட் இருக்கா'ன்னு மெயில்ல கேட்டு பதில் வாங்கிட்டு பணம் கட்டுங்க. ரேட் ரொம்ப குறைவா காட்டுதுன்னு கெய்லாங் பக்கம் போயிடாதீங்க, அங்க சிவப்பு விளக்கு தெருக்கள் இருக்கு, பெரியவங்களை கூட்டிட்டு போற இடம் இல்ல.

வேற ஒருத்தர்: விசா எத்தனை நாள்ல வரும்?

ஏஜென்ட்டை கேளுங்க. ஆனா மல்டிபிள் என்ட்ரியான்னு பாத்துக்கோங்க, கப்பல் சிங்கப்பூரை விட்டு போயிட்டு திரும்பி வருது.

மேட்டூர்: கப்பல் காலைல வந்துடும், ப்ளைட் ராத்திரி. பெட்டியை என்ன பண்றது?

போகும்போது தங்கின ஹோட்டல்லயே கேட்டுப் பாருங்க, பழைய கெஸ்ட்டுன்னா பெரும்பாலும் வெச்சுக்குவாங்க. இல்லன்னா சாங்கில காசு கட்டி வைக்கற இடம் இருக்கு. இன்னொண்ணு, எஸ்ஜி அரைவல் கார்டுன்னு சிங்கப்பூருக்குள்ள நுழையறதுக்கு ஆன்லைன்ல போடற ஃபாரம், கப்பல்ல திரும்பி வரும்போதும் புதுசா போடணும், வர்றதுக்கு 3 நாளுக்குள்ள. அது இலவசம், காசு கேக்கற வெப்சைட்டுன்னா வெளிய வந்துடுங்க. கப்பல்ல நெட் விலை ஜாஸ்தி, அதனால நாள் கணக்கு ஒத்து வந்தா ஏறறதுக்கு முன்னாடியே ஹோட்டல் வைஃபைல போட்டுடுங்க.